தலைப்பாகையும் கண்ணாடியும்

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக்குப் போகும் சாலையில், உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது செங்கல். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் சேர்த்துக் கேட்ட திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கை நிறைவேறவில்லை. செங்கல் கேரளத்தோடு நின்றது. கோடு விழுந்ததே தவிர, பேச்சும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் தொடர்ந்தன. இன்று வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைத் தேடி வருவது மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலில் எழுப்பியிருக்கும் 111 அடிக்கும் மேலான சிவலிங்கத்தைப் பார்க்க. அந்த லிங்கத்துக்குள் ஏறிப் போகலாம். மனித உடலின் ஆதாரச் சக்கரங்களைக் குறிக்கும் விதமாகத் தளங்கள் அமைத்து, உட்கார்ந்து தியானம் செய்ய இடமும் விட்டிருக்கிறார்கள். தனக்குள் போவது என்ற எண்ணத்தைக் கட்டடமாகவே எழுப்பியிருக்கும் ஊர் இது.

இங்கிருந்து வடக்கே பத்துக் கிலோமீட்டருக்குள், நெய்யாற்றின் கரையில் அருவிப்புறம் இருக்கிறது. தெற்கே நாகர்கோவிலைக் கடந்து போனால் சாமித்தோப்பு. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் கிடக்கும் நிலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், தன்னைத்தான் கவனிப்பது என்ற பழைய காரியம் ஒரு புது உருவம் எடுத்தது. அந்த உருவத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை.

தன்னைக் கவனித்தல் என்றதும் நம் மனத்தில் எழுவது மூடிய கண்ணும் நிமிர்ந்த முதுகும் ஆளரவமற்ற அறையும். சாமித்தோப்பிலும் அருவிப்புறத்திலும் அது தலையில் துணி சுற்றியதில், எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்ததில், ஆற்றில் மூழ்கிக் கல் எடுத்ததில் தொடங்கியது. பழக்கம் ஊறிய மனம் தன் ஒழுங்கில் ஓடிக்கொண்டிருக்கும்வரை அதைப் பார்க்க முடியாது. அதைக் கலைத்தால்தான் அது கண்ணில் படும். இந்த மண்ணின் மனிதர்கள் கண்டுகொண்டது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். நம் காலத்தின் தியானப் பேச்சுகளில் மிகுதியும் விடுபட்டுப் போயிருப்பதும் இதுவே.

பழக்கம் ஊறிய மனம் என்று பொதுவாகச் சொன்னால் அது எங்கோ மூளைக்குள் இருக்கும் சூட்சுமப் பொருள்போலத் தோன்றும். திருவிதாங்கூரில் அதற்கு அளவு இருந்தது. நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 காலடி, புலையர் 96 காலடி விலகி நிற்க வேண்டும் என்று பழைய பதிவுகள் கணக்குச் சொல்கின்றன. எண் பதிவுக்குப் பதிவு மாறுகிறது. அளந்து நின்றார்கள் என்பது மாறவில்லை. சாமுவேல் மேட்டீர் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் 1871-இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில் இந்த விதிகளை விரிவாக எழுதியிருக்கிறார். பாறசாலையும் அந்த மிஷனின் நிலையங்களில் ஒன்றுதான். நாடார் குடை பிடிக்கக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது, மேலாடை அணியக் கூடாது. வீட்டுக்கு மாடி எடுக்கக் கூடாது.

அவர் எழுதியவற்றில் என்னை நெடுநாள் விடாமல் பிடித்துவைத்திருப்பது பேச்சைப் பற்றிய விதி. புலையர் ஒருவர் மேல்ஜாதியாரிடம் பேசும்போது ‘நான்’ என்று சொல்லக் கூடாது. ‘அடியேன்’ என்றே சொல்ல வேண்டும். தான் உண்ணும் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது, கரிக்காடி என்று இழித்துச் சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று சொல்லக் கூடாது, குரங்குக் குட்டி, கன்றுக்குட்டி என்ற வகையில் சொல்ல வேண்டும். பேசும்போது மூச்சு படாமல் கையால் வாயை மறைத்துக்கொள்ள வேண்டும்.

நான் யார் என்ற கேள்வியே இந்திய ஆன்மிகத்தின் உச்சம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கேள்வியின் முதல் சொல்லைத் தன் வாயால் சொல்ல உரிமையில்லாத லட்சக்கணக்கான பேர் இந்தக் கரைகளில் வாழ்ந்தார்கள். ‘நான்’ ஒரு மாயை, அதை உதிர்த்துவிடு என்று அவர்களுக்கு யாராவது உபதேசம் செய்திருந்தால் அது கொடுமையில்தான் முடிந்திருக்கும். உதிர்ப்பதற்கு முன்னால் அது கையில் இருக்க வேண்டும்.

1809-இல் சாமித்தோப்பில் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள் என்பதும், முடியும் பெருமாளும் இந்தச் சாதிக்கு ஆகாது என்று மேல்ஜாதியார் எதிர்த்ததால் முத்துக்குட்டி ஆக்கினார்கள் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. 1833-இல் திருச்செந்தூரில் கடலுக்குள் போய் வைகுண்டராக வெளிவந்தார் என்பது அவரைப் பின்பற்றும் அய்யாவழியினர் நம்பிக்கை. அதற்குப் பின் அவர் செய்தவை வரலாற்றுக்குள் தெளிவாக நிற்கின்றன. சாமித்தோப்பில் எல்லோருக்கும் பொதுவாக முத்திரிக்கிணறு வெட்டினார். துவையல் பந்தி என்ற பெயரில் குடும்பங்களைக் கடற்கரையில் ஒன்றாகத் தங்கவைத்து, குளித்து, துவைத்து, ஒரே பந்தியில் உண்ணும் ஒழுங்கைப் பழக்கினார். சுவாதித் திருநாள் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. வெளியே வந்து பணியைத் தொடர்ந்தார். 1851-இல் மறைந்தார்.

அவர் வழியில் எழுந்த பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் கருவறையில் சிலை கிடையாது. நிலைக்கண்ணாடி இருக்கும், முன்னால் விளக்கு எரியும். வணங்க வருகிறவர் கண்ணாடியில் தன்னையே பார்த்து வணங்குவார். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

கண்ணாடியைப் பற்றி எழுதியவர்கள் பலர். கடவுள் உனக்குள்ளே இருக்கிறார் என்பதன் குறியீடு அது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். தலைப்பாகையை விட்டுவிட்டு அந்தக் கண்ணாடியைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் எண்ணம். தலையில் துணி கட்டினால் அடிவாங்க நேரும் காலத்தில், அந்தத் துணியைக் கட்டிக்கொண்டு ஒருவர் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறார். அவர் அங்கே என்ன பார்த்திருப்பார்? தலைப்பாகை கட்டிய ஒரு மனிதரை. கூடவே, கட்டியதற்காகத் தனக்குள் நடுங்கும் ஒருவரையும். அவிழ்த்துவிடலாமா என்று யோசிக்கும் கையையும். அந்த நடுக்கம் அவர் பிறந்த நாள் முதல் அவருக்குள் இருந்ததுதான். துணி தலையில் ஏறாதவரை அது நடுக்கமாகத் தெரியாது. பணிவு, ஊர்வழக்கம், பெரியவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை என்றுதான் தெரியும். செயல் பழக்கத்தைக் கலைத்தது, கலைந்ததைக் கண்ணாடி காட்டியது.

கண்ணாடிக்கு வெளியே இதன் விலை மிகப் பெரியது. மேலாடைக்கான போராட்டம் தென் திருவிதாங்கூரில் 1859 ஜூலை 26-ஆம் தேதிய அரசாணைவரை இழுத்தது. அந்த ஆணையும் முழு உரிமை தரவில்லை, மேல்ஜாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற கட்டோடுதான் வந்தது. வைகுண்டர் மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அருவிப்புறத்துக்கு வருவோம். செம்பழந்தியில் ஈழவர் குடும்பத்தில் பிறந்த நாராயண குரு தமிழ் கற்றவர், தமிழிலும் பதிகங்கள் பாடியவர். திருவனந்தபுரம் தைக்காட்டில் ரெசிடென்சியில் வேலை பார்த்த அய்யாவு சுவாமிகள் என்ற தமிழரிடம் யோகம் பயின்றார். அந்த அய்யாவு தைப்பூச விருந்தில் எல்லா ஜாதியாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தவர். குரு தவம் இருந்த இடங்களில் ஒன்று நாஞ்சில் நாட்டு மருத்துவாழ் மலையில் உள்ள குகை. அங்கிருந்து சாமித்தோப்பு நெடுந்தூரம் இல்லை. 1888 சிவராத்திரி இரவில் அவர் நெய்யாற்றில் சங்கரன்குழி என்ற கயத்தில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். ஜாதி வேற்றுமையும் மதப்பகையும் இல்லாமல் எல்லோரும் உடன்பிறப்பாய் வாழும் முன்மாதிரி இடம் இது என்ற கருத்தை அங்கே எழுதிவைத்தார். பிரதிஷ்டை செய்ய இவருக்கு என்ன அதிகாரம் என்று கேட்டவர்களிடம், தாம் நிறுவியது ஈழவச் சிவனைத்தான் என்று பதில் சொன்னதாக ஊரெங்கும் வழங்குகிறது. சிவனுக்கும் ஜாதி உண்டு என்று தாம் நம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டவர்கள் அந்தக் கணத்தில்தான் அறிந்திருப்பார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1897-இல், அவர் ஆத்மோபதேச சதகம் இயற்றினார். நூறு பாடல்கள். அதில் ஒரு காட்சி வருகிறது. இருட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். யார் அங்கே என்று ஒரு குரல் கேட்கிறது. கேட்கப்பட்டவரும் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறார். இரண்டு பக்கமிருந்தும் வரும் விடை ஒன்றே, ‘நான்’ என்பது. வேதாந்த உரைகள் இதை ஆன்மா ஒன்றே என்பதற்கு எடுத்துக்காட்டாக விளக்குகின்றன. அது சரியான விளக்கமே. மேட்டீரின் பக்கங்களைப் படித்துவிட்டு இந்தக் காட்சிக்குத் திரும்பினால் இன்னொன்றும் தெரிகிறது. இருட்டில் 36 அடி, 96 அடி தெரியாது. பூணூல் தெரியாது, மேலாடை தெரியாது. அங்கே ஒருவர் அடியேன் என்று சொல்லியாக வேண்டிய கட்டாயம் இல்லை. இருவரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள். வெளிச்சத்தில் தடைசெய்யப்பட்டிருந்த சொல்லைக் குரு இருட்டில் இருவருக்கும் சமமாகக் கொடுத்திருக்கிறார். எழுதும்போது இது அவர் மனத்தில் இருந்ததா என்பது என் கேள்வியில்லை. அந்த ஊரில், அந்த ஆண்டுகளில், அதைக் கேட்டவர்கள் காதில் இது விழாமல் இருந்திருக்காது.

அதே சதகத்தின் நடுப்பகுதியில் அவர் அறிவின் ஆற்றலை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று ‘ஸம’, மற்றது ‘அந்ய’. பொதுவானதைக் காணும் ஆற்றல் முதலாவது, வேறானதைக் காணும் ஆற்றல் இரண்டாவது. வேறுபடுத்தும் ஆற்றல் கட்டுக்கடங்காமல் பெருகுவது, வெல்வதற்கு அரியது, பொதுமையைக் காணும் ஆற்றலைக் கொண்டே அதைக் கடக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மனம் எப்படி வேலை செய்கிறது என்று தன்னையே கூர்ந்து பார்த்தவர் எழுதிய பகுதி இது. இதில் ஜாதி என்ற பேச்சே வரவில்லை. ஆனால் எதிரே வருகிறவரைக் கண்டதும் இவர் இன்னார் என்று முந்திக்கொண்டு பிரிக்கும் அந்த நொடியை இதைவிடத் துல்லியமாக விளக்கிய எழுத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

உள்ளே பார்த்தால் உண்மை தெரியும் என்ற நம்பிக்கையை மேற்கத்திய உளவியல் கடந்த ஐம்பது ஆண்டுகளாகச் சோதித்து வந்திருக்கிறது. 1977-இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கடைக்கு வந்தவர்களைக் கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே மிகுதியானவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டால் நெசவு, நயம் என்று சொன்னார்கள். வைத்திருந்த இடம் காரணமாக இருக்குமா என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லோரும் மறுத்தார்கள். மனம் தன் செயலுக்குக் காரணம் தேடி உள்ளே போகும்போது, நடந்ததை எடுத்துவராமல், நம்பத்தக்க ஒரு கதையைக் கட்டி எடுத்துவருகிறது.

2002-இல் எமிலி புரோனினும் அவருடைய சக ஆய்வாளர்களும் இன்னும் கசப்பான ஒன்றைக் காட்டினார்கள். சாய்வுகளின் பட்டியலைக் கொடுத்து, இவை மற்றவர்களிடம் எவ்வளவு இருக்கின்றன, உங்களிடம் எவ்வளவு என்று கேட்டால், மக்கள் தங்களைக் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். அதற்கான காரணத்தையும் புரோனின் பிற்பாடு ஆராய்ந்தார். மற்றவர்களை அவர்கள் செயலைக் கொண்டு எடைபோடுகிறோம். நம்மை எடைபோடும்போது உள்ளே பார்க்கிறோம். அங்கே கெட்ட எண்ணம் எதுவும் தென்படாததால் குற்றமில்லை என்று திரும்புகிறோம். நேர்மையாகத்தான் பார்க்கிறோம். சாய்வு எண்ணமாக அங்கே உட்கார்ந்திருப்பதில்லை. அது பார்க்கும் கண்ணிலேயே இருக்கிறது.

ஜாதி பார்க்க மாட்டேன் என்று சொல்லும் நல்லவர்களை நான் பொய்யர்களாக நினைக்காததற்கு இதுவே காரணம். அவர்கள் உள்ளே தேடியிருக்கிறார்கள், அது தென்படவில்லை. 2011-12-இல் நாடு முழுவதும் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில், ஏதோ ஒரு விதத்தில் தீண்டாமை கடைப்பிடிப்பதாக 27 சதவீதக் குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. கேரளத்தில் 2 சதவீதம். அதே ஆய்வில் ஜாதி மாறி நடந்த திருமணங்கள் நாட்டளவில் 5 சதவீத அளவுக்கே இருந்தன. முதல் எண் மனிதர்கள் தங்களைப் பற்றிச் சொன்னது. இரண்டாவது எண் அவர்கள் செய்தது. தன்னைக் கவனிப்பது என்பது இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நின்று செய்யவேண்டிய வேலை.

கலைக்காமல் தெரியாது என்று முன்னால் சொன்னதற்கு நெய்யாற்றின்கரைப் பக்கத்திலேயே ஒரு கடுமையான சான்று உண்டு. வெங்ஙானூரைச் சேர்ந்த புலையரான அய்யங்காளி 1893-இல் வில்வண்டியில் ஏறி, தம் ஜாதிக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் போனவர். புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசு உத்தரவு போட்ட பிறகு, ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சிறுமியைக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தார். எதிர்ப்பு கலவரமாக மூண்டது. எதிர்த்தவர்கள் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். எரிந்தது அவர்களுடைய பிள்ளைகளும் படித்த பள்ளி. முந்தின நாள் அவர்களில் யாரையாவது நிறுத்தி, ஒரு சிறுமி உட்கார்ந்தால் உங்கள் பிள்ளையின் பள்ளியையே கொளுத்துவீர்களா என்று கேட்டிருந்தால், இல்லை என்று மனமாரச் சொல்லியிருப்பார்கள். 2022-இல் கேரள அரசு அந்தப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டியது.

இதே காலத்தில் திருவண்ணாமலையில் ரமணர் இருந்தார். 1896-இல் வீட்டைவிட்டு வந்து பூணூலைக் கழற்றி எறிந்தவர். நான் யார் என்ற விசாரத்தை அவர் அளவுக்குச் சுருக்கமாகவும் ஆழமாகவும் கற்பித்தவர் நம் காலத்தில் இல்லை. அவர்மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு. ஆயினும் அவருடைய ஆசிரமத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமுமாக நெடுங்காலம் உட்கார்ந்தார்கள். ரமணர் இரு பக்கத்தாரும் காணும் இடத்தில் அமர்ந்து எல்லோரோடும் உண்டார். வந்தவர்களின் ஆசாரத்தை அவர் தடுக்கவில்லை என்று அடியார்கள் காரணம் சொல்வார்கள். காலையில் நான் யார் என்று உட்கார்ந்து விசாரித்த ஒருவர் மதியம் எந்தப் பக்கம் உட்கார்வது என்று யோசிக்காமலே உட்கார்ந்திருக்கிறார். அந்த இலைக்கு முன்னால் விசாரம் அவரைத் தொடவில்லை. தைக்காட்டில் அய்யாவு ஒரே பந்தி வைத்ததை இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

1916-இல் நாராயண குரு திருவண்ணாமலைக்கு வந்து ரமணரைச் சந்தித்தார். அந்த ஆண்டு குருவின் வாழ்க்கையில் வேறொரு விதத்திலும் முக்கியமானது. அருவிப்புறம் கோயிலைச் சுற்றித் தொடங்கிய சிறு சங்கம்தான் 1903-இல் குமாரன் ஆசானைச் செயலாளராகக் கொண்டு ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாகப் பதிவானது. அது வளர்ந்தது, பள்ளி கட்டியது, உரிமைகள் கேட்டது. ஈழவர்களின் வாழ்வை அது தூக்கி நிறுத்தியதை யாரும் மறுக்க முடியாது. 1916 மே மாதம் குரு, யோகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் பல்புவுக்கு எழுதிய கடிதத்தில், யோகத்துக்குள் ஜாதி அபிமானம் பெருகிவருவதால் மனத்தால் முன்பே விட்டதுபோல் இப்போது சொல்லாலும் செயலாலும் அதை விட்டுவிட்டதாகத் தெரிவித்தார். அதே ஆண்டு, தாம் எந்த ஜாதியையும் மதத்தையும் சேர்ந்தவரில்லை என்று அறிக்கையும் வெளியிட்டார். ஜாதியை உடைக்க எழுந்த சங்கம் ஜாதிச் சங்கமாகத் தன்னை உணரத் தொடங்கியதை அவர் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் தம் பெயர் தாங்கிய அமைப்பிலிருந்தே விலகினார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1929 ஆகஸ்ட் 3-இல், ஹாலந்தில் ஓமென் என்ற இடத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தி இதே வகைக் காரியம் ஒன்றைச் செய்தார். மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர், 1909-இல் அடையாறு கடற்கரையில் தியாசாபிகல் சொசைட்டிக்காரர்களின் கண்ணில் பட்டு, உலக குருவாக வளர்க்கப்பட்டவர். அவருக்காகவே 1911-இல் உண்டாக்கிய நட்சத்திர சங்கத்தை, அதன் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் முன்னிலையில் கலைத்தார். உண்மைக்குப் போடப்பட்ட பாதை கிடையாது, எந்த அமைப்பும் குருவும் அங்கே கூட்டிப்போக முடியாது என்பது அவர் கூறிய காரணம். 1986 ஜனவரியில் சென்னை வசந்த விஹாரில் கடைசியாகப் பேசும்வரை அவர் இதையே பல கோணங்களில் சொன்னார். பார்ப்பவனும் பார்க்கப்படுவதும் வேறில்லை, நான் என் பழக்கத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லும் அந்த ‘நான்’ என்பதும் பழக்கத்தால் ஆனதே என்பது அவருடைய மிகக் கூரிய பார்வை. புரோனினின் ஆய்வுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, எண்கள் இல்லாமல், அவர் இதைச் சொல்லிவிட்டார்.

அவரும் கண்ணாடியைப் பற்றிப் பேசினார். தனிமையில் மனிதன் தன்னை அறிய முடியாது, மற்றவரோடு கொள்ளும் உறவே அவனைக் காட்டும் கண்ணாடி என்றார். சாமித்தோப்புக் கண்ணாடியோடு இதை வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு குறை தெரிகிறது. கிருஷ்ணமூர்த்தி உறவு என்று சொல்லும்போது கணவன் மனைவி, ஆசிரியர் மாணவர், பொறாமை, பயம், ஆசை எல்லாம் வருகின்றன. தேசம், மதம் என்ற பிரிவுகளை அவர் கடுமையாகத் தாக்கினார். கிணற்றடியில் வாளியைத் தொடலாமா என்ற கேள்வி அந்தப் பேச்சுகளில் அதற்குரிய எடையோடு வரவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதைக் கேட்க வேண்டிய நிலையில் இல்லாதவர்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஒழுங்கு எல்லோருக்குள்ளும் ஒரே மாதிரி ஊறியிருப்பதில்லை. ஒருவருக்குள் அது அதிகாரமாகவும் இன்னொருவருக்குள் நடுக்கமாகவும் ஊறியிருக்கிறது. இருவருக்கும் ஒரே உபதேசம் போதாது.

குரு தாமே ஒரு கண்ணாடியை நிறுவினார், 1927-இல், சேர்த்தலைக்குப் பக்கத்தில் களவங்கோடத்தில். ஊரார் சிலர் சிலை வேண்டும் என்றார்கள், இளைஞர்கள் சிலையே கூடாது என்றார்கள். அந்த வாக்குவாதத்துக்கு நடுவில் அவர் எழுத்துப் பொறித்த கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்தார். அதற்கு முன்பே காரமுக்கில் விளக்கையும், முருக்கும்புழையில் சத்தியம், தர்மம், தயை, சாந்தி என்ற சொற்களையும் நிறுவியிருந்தார். கல்லில் தொடங்கிக் கண்ணாடியில் முடிந்த இந்த வரிசையை அத்வைதத்தின் படிக்கட்டு என்று வியப்பவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது களவங்கோடத்து இளைஞர்கள் அவரை எதிர்த்துப் பேசியதும் அவர் அதைக் காதுகொடுத்துக் கேட்டதும்தான். மனிதனுக்கு ஜாதி வேண்டாம், மதம் வேண்டாம், தெய்வமும் வேண்டாம் என்று, ‘ஒரு ஜாதி, ஒரு மதம், ஒரு தெய்வம்’ என்ற குருவின் பெயர்பெற்ற போதனையையே திருத்திச் சொன்ன சீடர் சகோதரன் அய்யப்பனையும் அவர் தள்ளிவைக்கவில்லை. அய்யப்பன் 1917-இல் செறாயில் புலையரோடு சேர்ந்து உண்ணும் மிசிரபோஜனம் நடத்தி, சொந்த ஜாதியின் விலக்கத்தை வாங்கிக்கொண்டபோதும் குரு அவர் பக்கமே நின்றார். இந்த மரபின் சிந்தனைப் பகுதி, நடராஜ குரு 1923-இல் ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் தொடங்கிய நாராயண குருகுலத்தின் வழியாக நித்ய சைதன்ய யதிவரை வந்து, தமிழ் வாசகர்களையும் எட்டியது. கலைக்கும் பகுதி அந்த அளவுக்கு எட்டவில்லை என்பது என் வருத்தம்.

செங்கல், பாறசாலைப் பக்கத்தில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் பெரியவர்கள் அன்போடுதான் கேட்பார்கள்: “மக்களே, வீடு எங்கயாக்கும்? ஆரு வீட்டுப் பிள்ளையாக்கும்?” கிறிஸ்தவர் என்று தெரிந்தால் எந்தச் சபை என்பது அடுத்த கேள்வி. விடை கிடைத்ததும் கேட்டவர் முகம் தளர்ந்து இலகுவாகும், அல்லது பேச்சில் ஒரு மெல்லிய மாற்றம் வரும். கேட்பவருக்கே அது தெரியாது. குரு ‘அந்ய’ என்று சொன்ன ஆற்றல் அந்த இடத்தில் வேலை செய்கிறது. தன்னைக் கவனிக்க விரும்புகிறவருக்கு அந்தக் கேள்விக்கும் விடைக்கும் நடுவில் உள்ள இடைவெளி போதும். ஒரு முறை அதைக் கேட்காமல் இருந்து பார்க்கலாம். கேட்காமல் இருக்கும்போது எழும் தவிப்பைப் பார்க்கலாம்.

2018 மார்ச்சில் கேரள சட்டமன்றத்தில் கல்வி அமைச்சர், 1.2 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் ஜாதி, மதக் கட்டங்களை நிரப்பாமல் பள்ளிகளில் சேர்ந்திருப்பதாகத் தெரிவித்தார். நாடெங்கும் கொண்டாடினார்கள். சில நாட்களில் பல பள்ளிகள் அதை மறுத்தன. தங்கள் பிள்ளைகள் அப்படிச் சொல்லவில்லை, கணினியில் பதியும்போது கட்டம் விடுபட்டிருக்கிறது என்றன. 2019 பிப்ரவரியில் திருப்பத்தூர் வழக்கறிஞர் ம. ஆ. சினேகா பல ஆண்டுகள் முயன்று, ஜாதி மதம் அற்றவர் என்ற அரசுச் சான்றிதழைப் பெற்றார். தவறுதலாகக் காலியான கட்டமும் பாடுபட்டுக் காலியாக்கிய கட்டமும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். வேறுபாடு அதை நிரப்ப மறுத்தவருக்கு நேர்ந்த தவிப்பில் இருக்கிறது.

அந்தத் தவிப்பும் எல்லோருக்கும் ஒன்றில்லை. 96 அடி தள்ளி நிற்கவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளை அந்தக் கட்டத்தை நிரப்பித்தான் தனக்கு உரிய இடத்தைப் பெற முடிகிறது. அவர் அதை நிரப்புவது வைகுண்டர் கட்டச் சொன்ன தலைப்பாகைக்கு நெருக்கமான செயல் என்றே நான் கொள்கிறேன். தள்ளி நிற்கச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைக்கு அதைக் காலியாக விட எந்தச் செலவும் இல்லை. அவர் தன்னைச் சோதிக்க வேண்டிய இடம் அந்த விண்ணப்பப் படிவம் இல்லை. வீட்டுக்கு வேலைக்கு வருகிறவருக்கு எந்தத் தம்ளரில் டீ கொடுக்கிறார்கள், மகளுக்கு வரன் தேடும் விளம்பரத்தில் எந்தச் சொல்லை முதலில் போடுகிறார்கள் என்பவற்றில் அவருடைய சோதனை காத்திருக்கிறது.